குறை சொல்ல ஆளில்லாத ஊர்

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' நாவலில், பச்சிளம் குழந்தைகளைப் பராமரிக்கும் ஊழியர் ஒருவர் அன்று காலை பிறந்த இரட்டையரைத் தராசில் வைத்து எடை பார்க்கிறார். ஒரே முகத்தோடு இரண்டு பேர் ஊரில் நடமாடினால் குழப்பம் வரும் என்பதால் எடை கூடிய குழந்தை வளர்ப்புக்குப் போகும், எடை குறைந்தது 'விடுவிக்கப்படும்'. ஊழியர் ஊசியை எடுக்கிறார். கையிலுள்ள நரம்பு மிகவும் மெலிந்திருப்பதால் நெற்றியோரம் துடிக்கும் நரம்பில் மருந்தை ஏற்றுகிறார். வலிக்கும்தான் என்று கொஞ்சலாகச் சமாதானமும் சொல்கிறார். குழந்தை கைகாலை உதறி அடங்கியதும் அட்டைப் பெட்டியில் வைத்து, குப்பை தள்ளும் சுவர்த் துவாரத்துக்குள் அனுப்பிவிட்டு, அதே செல்லக் குரலில் விடைகொடுக்கிறார். இந்தப் பதிவைத் திரையில் பார்த்து உறைந்துபோகிறவன் அவருடைய மகன், பன்னிரண்டு வயது ஜோனஸ். கதையில் அந்தத் தந்தையைப் போலக் கனிவான மனிதர்கள் குறைவு. எடை ஏறாத இன்னொரு குழந்தையை இரவுகளில் வீட்டுக்கே தூக்கிவந்து தேற்றப் பார்த்தவரும் அவர்தான். 1993-ல் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தைப் பெற்ற இந்தச் சிறுவர் நாவலில் இவன்தான் கொடியவன் என்று கைநீட்டிக் காட்ட ஆளே கிடையாது.

பசி, பகை, போட்டி எதுவுமில்லாத சமூகத்தைக் கற்பனை செய்தால் அது யுடோபியா. அதே சமூகத்துக்குள் நம்மைக் குடிவைத்து மூச்சுத் திணற வைத்தால் டிஸ்டோபியா. இந்தக் கதைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. வெளியே சொர்க்கம், உள்ளே நரகம்; ஆட்சியாளர்கள் ஒரு பெரிய ரகசியத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்; கதாநாயகன் பூட்டை உடைத்ததும் உண்மை வெளிப்பட்டு மாயை கலைந்துவிடும். பல திரைப்படங்கள் இப்படித்தான் நகர்கின்றன. ஆனால் இந்த வகையின் தலைசிறந்த புத்தகங்களை நிதானமாகப் படித்தால், மறைத்து வைத்த குறை என்று அங்கே பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. குறை நடு வீதியில் கிடக்கிறது. அதைச் செய்கிறவருக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும், சில கதைகளில் ஊருக்கே தெரியும். ஜோனஸின் தந்தை எதையும் ஒளிக்கவில்லை. தான் செய்வது கொலை என்று உறைப்பதற்குத் தேவையான துக்கமும் நினைவும்தான் அவரிடம் இல்லை. போர், வலி, நிறம், அன்பு பற்றிய பழைய நினைவுகள் அத்தனையையும் ஒரே ஒரு முதியவரின் தலையில் ஏற்றிவிட்டு ஊர் நிம்மதியாக இருக்கிறது. அப்படியென்றால் இந்தச் சமூகங்களில் உண்மையில் காணாமல் போவது எது? ஒரு குறையைக் குறை என்று உணர்ந்து, அதை வாய்விட்டுச் சொல்லி, சொன்னதற்குப் பதில் கேட்கக்கூடிய மனிதர்தான். முழுமை என்று இந்த நாவல்கள் காட்டுவது, அந்த மனிதரை அப்புறப்படுத்தியதால் கிடைத்த அமைதி.

இந்தக் கதை மரபுக்குப் பெயர் கொடுத்த புத்தகத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தாமஸ் மோர் 1516-ல் லத்தீனில் வெளியிட்ட 'யுடோபியா'வில் தனிச்சொத்து இல்லை, நாளுக்கு ஆறு மணி நேரம்தான் வேலை, பொன்னுக்கு மதிப்பே கிடையாது என்பதால் அதில் கழிவுச் சட்டியும் அடிமைகளுக்கு விலங்கும் செய்கிறார்கள். படிக்கிறவர் பொற்சட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே வரிசையில் வரும் விலங்கைத் தாண்டிப் போய்விடுகிறார். சமத்துவத் தீவில் அடிமைகள் இருக்கிறார்கள் என்பதை மோர் எங்கும் மூடி மறைக்கவில்லை. ஆடுமாடு அறுக்கும் வேலை குடிமக்களின் இரக்க உணர்வைக் கெடுத்துவிடும் என்று அதை அடிமைகளிடம் விட்டிருக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். அனுமதிச்சீட்டு இல்லாமல் தன் வட்டாரத்தைத் தாண்டி இரண்டாம் முறை பிடிபட்டவனும் அடிமையாவான். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி வேறொன்று: ஆட்சி மன்றத்துக்கும் மக்கள் சபைக்கும் வெளியே பொது விவகாரங்களைப் பற்றிக் கூடி முடிவெடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். சதியைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று காரணமும் தரப்படுகிறது. திண்ணையில் உட்கார்ந்து நாலு பேர் ஊர் நியாயம் பேசினால் தலை போகலாம். தன் தீவை மோர் மெச்சினாரா, நையாண்டி செய்தாரா என்ற விவாதம் ஐந்து நூற்றாண்டுகளாக முடியவில்லை. எதுவானாலும், குறை இல்லாத ஊருக்குப் பெயர் கொடுத்த கையே, பேச்சுக்குத் தடை போடாமல் அந்தப் படத்தை முடிக்கவில்லை.

ரஷ்ய எழுத்தாளர் எவ்கெனி சமியாட்டின் இதை இன்னும் கூர்மையாக்கினார். 1920–21-ல் அவர் எழுதிய 'நாம்' நாவலின் ஒற்றை அரசில் வீடுகள் எல்லாம் கண்ணாடி. குடிமக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. எழுவது, நடப்பது, ஒரு வாய் உணவை ஐம்பது முறை மெல்வது வரை எல்லாம் நேர அட்டவணைப்படி நடக்கின்றன. இளஞ்சிவப்புச் சீட்டு காட்டினால் குறித்த நேரத்துக்குத் திரைச்சீலையை இறக்கிக்கொள்ளலாம். மற்றபடி எல்லோரும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே வாழ்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்குள் எதை ஒளித்து வைக்க முடியும்? ஆண்டுக்கொருமுறை 'ஏகமன நாள்' வருகிறது. தலைவரைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் கை உயர்த்த வேண்டும். கதை நடக்கும் ஆண்டில், எதிர்த்து யாராவது உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டபோது ஆயிரக்கணக்கான கைகள் உயர்ந்துவிடுகின்றன. அதற்கு அரசு தரும் பதில் நாவலின் உச்சம். கற்பனை என்பது ஒரு நோய், அதை மூளையிலிருந்து கதிர்வீச்சால் பொசுக்கி எடுக்கலாம் என்று செய்தித்தாள் அறிவிக்கிறது. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயமாகிறது. நாட்குறிப்பு எழுதிவரும் கதாநாயகன் டி-503, அந்தச் சிகிச்சைக்கு ஆளான பின், தான் உயிருக்குயிராய்க் காதலித்த பெண்ணைக் கண்ணாடிக் கூண்டில் காற்றை உறிஞ்சிச் சித்திரவதை செய்வதைத் தலைவரின் அருகில் அமர்ந்து பார்க்கிறான். அவள் முகம் வெளுத்தது அழகாக இருந்தது என்று மட்டும் குறித்துக்கொள்கிறான். அவனுக்கு எதுவும் மறைக்கப்படவில்லை. பார்ப்பதற்குக் கண் இருக்கிறது, பதறுவதற்கு ஆள் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் சோவியத் கம்யூனிசத்தைப் பற்றிய கதைதானே, அந்த அரசு போனதோடு இதன் கதையும் முடிந்ததே என்று கேட்கலாம். நாவல் ரஷ்யாவில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும், முதலில் 1924-ல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே வெளிவந்தது என்பதும் இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனால் சமியாட்டின் கப்பல் கட்டும் பொறியாளர். 1916–17-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் தங்கி, ரஷ்யாவுக்கான பனி உடைக்கும் கப்பல்கள் கட்டப்படுவதை மேற்பார்வை செய்தவர். அந்த நாட்களில் ஆங்கில நடுத்தர வர்க்கத்தைக் கிண்டலடித்து 'தீவுவாசிகள்' என்ற குறுநாவல் எழுதினார். அதில் வரும் பாதிரியார், மனிதர்களுக்குக் கட்டாய மோட்சம் வாங்கித் தர ஒரு திட்டம் வைத்திருக்கிறார். சாப்பாடு, நடை, தர்மம், மனைவியோடு கழிக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டு வாழ்கிறார். அதாவது ஒற்றை அரசின் விதை மாஸ்கோவில் விழுவதற்கு முன்பே ஓர் ஆங்கிலேயத் தேவாலய இல்லத்தில் முளைவிட்டிருந்தது. 'நாம்' நாவலின் குடிமக்கள் பழங்கால மேதைகளிலேயே உயர்ந்தவர் என்று போற்றுவது ஒரு புரட்சியாளரை அல்ல. தொழிற்சாலையில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் பிரெடெரிக் டெய்லரை. ஒரு கட்சியைத் தாக்கும் துண்டுப் பிரசுரமாக இந்த நாவலைச் சுருக்கினால், அதில் நம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்த குறி தப்பிப்போகும்.

ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. அங்கே சித்திரவதைக் கூண்டு தேவைப்படுவதில்லை. மனிதர்கள் கருப்பையில் உருவாவதில்லை, குப்பிகளில் தயாராகிறார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து தொண்ணூற்றாறு பேர் வரை அச்சு அசலாக எடுக்க முடிகிறது. ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை ஐந்து படிகள். கடைசிப் படிக்குரிய கருவுக்கு ஆக்சிஜனைக் குறைத்து மூளை வளர்ச்சியைத் தடுக்கிறார்கள். எட்டு மாதக் குழந்தைகளைப் புத்தகங்களையும் ரோஜாக்களையும் நோக்கித் தவழவிட்டு, தொட்டதும் சங்கொலி எழுப்பி மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். இருநூறு முறை இப்படி ஆனபின் அந்தக் குழந்தைகள் வாழ்நாள் முழுக்கப் புத்தகத்தையும் பூவையும் கண்டால் ஒதுங்கிப்போவார்கள். இதை ரகசிய ஆய்வகத்தில் செய்யவில்லை. நாவலின் தொடக்கத்தில் ஓர் இயக்குநர் மாணவர் கூட்டத்தைக் கூட்டிப்போய், பெருமையோடு விளக்கிக் காட்டுகிறார். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு எங்காவது மனம் சலித்தால் சோமா மாத்திரை இருக்கிறது. ஒருமுறை மருத்துவமனை வாசலில் ஜான் என்ற இளைஞன், மாத்திரை வாங்க நிற்கும் தொழிலாளர்களுக்குச் சுதந்திரம் தருகிறேன் என்று மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசி எறிகிறான். கலவரத்தை அடக்க வரும் போலீஸ் தடியை ஓங்குவதில்லை. சோமாப் புகையைத் தெளித்து, அன்பு ததும்பும் பதிவுசெய்த குரல் ஒன்றை ஒலிக்கவிடுகிறார்கள். சற்று முன்பு அடித்துக்கொண்டவர்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

இந்த நாவலிலிருந்துதான் கனமான மறுப்பு கிளம்புகிறது. அங்கே பசி இல்லை, போர் இல்லை, முதுமையின் வேதனை இல்லை, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து அவர்களுடைய மகிழ்ச்சி போலி என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாதவரிடம் போய், துன்பப்படும் உரிமை மேலானது என்று உபதேசிப்பது கொழுப்பெடுத்த பேச்சு. உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மாண்ட் இந்த வாதத்தை நாவலில் யாரும் முறியடிக்க முடியாத நிதானத்தோடு வைக்கிறார். கலையையும் அறிவியலையும் விட்டுக்கொடுத்துத்தான் இந்த நிலையை வாங்கினோம் என்று விலைப்பட்டியலையே எடுத்து நீட்டுகிறார். சான்றாக ஒரு சோதனையையும் சொல்கிறார். சைப்ரஸ் தீவைக் காலிசெய்து, உயர்படியில் உள்ள ஆல்ஃபாக்கள் 22,000 பேரை மட்டும் குடியேற்றினார்கள். கீழ்வேலை செய்ய ஒருவரும் ஒப்பவில்லை. ஆறு ஆண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டு 19,000 பேர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் எங்களை மறுபடி ஆண்டுகொள்ளுங்கள் என்று மனுப் போட்டார்கள். ஆகவே படிநிலை இல்லாமல் சமூகம் நிலைக்காது என்பது அவர் முடிவு.

அந்த முடிவை அப்படியே வாங்கிக்கொள்வதற்கு முன், சாட்சியையும் தடயத்தையும் யார் தயாரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். சைப்ரஸில் இறக்கப்பட்டவர்கள் பொதுவான மனிதர்கள் அல்லர். ஆளப் பிறந்தவர்கள் நாம் என்று உறக்கத்தில்கூடக் காதில் ஓதி வளர்க்கப்பட்டவர்கள். அவர்களை ஒரு தீவில் விட்டுவிட்டு, பார், சமமாக வாழத் தெரியவில்லை என்பது தானே முடமாக்கிய காலைக் காட்டி இவனுக்கு ஓடத் தெரியவில்லை என்பதற்குச் சமம். எப்சிலானின் மகிழ்ச்சிக்கும் இதே கணக்குத்தான். 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் வேறு பதில் சொல்ல முடியாதபடி மூளையைச் செதுக்கிய பிறகு அவனிடம் வாக்குமூலம் வாங்கினால், அதில் நாம் கேட்பது செதுக்கியவரின் குரலைத்தான். இதை மாண்ட் அறியாதவர் அல்லர். அதனால்தான் உண்மையாகவே கேள்வி கேட்கத் தெரிந்தவர்களைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பி வைக்கிறார். அங்கே போவது தண்டனையே இல்லை, சுவாரசியமான மனிதர்களோடு வாழக் கிடைத்த பரிசு என்று அவரே சொல்கிறார். மகிழ்ச்சி அவ்வளவு உறுதியானது என்றால், பத்துப் பேர் ஊருக்குள் இருந்து எதிர்க்கேள்வி கேட்டால் ஏன் தாங்காது? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்களுக்கு இந்த இடம் பழக்கமானதுதான். பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி தேவைப்படும் அந்த நாட்டில், எல்லோருடைய குறையையும் கேட்க வேண்டிய தலைவர் ஜீவாவே வெறும் ஒளிபிம்பம் என்று பிறகு தெரியவருகிறது.

குறையை எல்லோருக்கும் தெரியவைத்துவிட்டால் போதும், சமூகம் தானே திருந்திவிடும் என்ற நம்பிக்கையை உர்சுலா லெ குவின் 1973-ல் எழுதிய ஒரு சிறுகதை உடைக்கிறது. ஓமெலாஸ் என்ற கடலோர நகரத்தில் அரசன் இல்லை, படை இல்லை, அடிமைகள் இல்லை. கோடைத் திருவிழாவில் ஊர் குதூகலிக்கிறது. அத்தனை மகிழ்ச்சியும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், துடைப்பங்களும் வாளியும் கிடக்கும் ஜன்னலற்ற அறையில், பத்து வயதாகியும் ஆறு வயது போலத் தோன்றும் ஒரு குழந்தை அடைபட்டிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் சோளமாவும் கொஞ்சம் கொழுப்பும் அதற்கு உணவு. அதனிடம் ஒரு கனிவான சொல்கூடப் பேசக்கூடாது. பேசினால் நகரத்தின் வளம் அந்தக் கணமே போய்விடும். ஊர்ப் பிள்ளைகள் எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். போய்ப் பார்த்து அழுகிறார்கள், ஆத்திரப்படுகிறார்கள், பின்பு பெரும்பாலோர் சமாதானமாகிவிடுகிறார்கள். அந்தக் குழந்தையும் ஆரம்பத்தில் தன்னை விட்டுவிடச் சொல்லிக் கத்தியிருக்கிறது. நாளாக ஆகப் பேச்சு குறைந்து முனகலாகிவிட்டது. இங்கே குறை சொல்லப்பட்டுவிட்டது, கேட்கவும் பட்டுவிட்டது. பதில் சொல்லத்தான் ஒப்பந்தம் இடம் தரவில்லை. ஆகவே முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும்: வாய் திறக்க உரிமை இருந்தால் மட்டும் போதாது, சொன்ன சொல்லால் ஏதாவது ஒன்று மாற வழி இருக்க வேண்டும்.

ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தில் ஒரு நகரமே வாழ்கிறது என்றால், லட்சக்கணக்கான குழந்தைகள் வாடும் நம் உலகத்தைவிட ஓமெலாஸ் எவ்வளவோ மேல் என்று இதற்கு ஒரு வாதம் உண்டு. எண்ணிக்கைப்படி அது சரி. ஆனால் நம் உலகில் ஒரு குழந்தையின் பசிக்கும் இன்னொருவரின் சுகத்துக்கும் நடுவே மாற்ற முடியாத ஒப்பந்தம் எதுவும் கிடையாது. சத்துணவு போட்டால் சூரியன் அணைந்துவிடாது. அப்படி அணைந்துவிடும் என்று யாராவது நம்மை நம்பவைக்கும்போதுதான் நம் ஊர் ஓமெலாஸாக மாறத் தொடங்குகிறது. இந்தக் கதையில் சிலர் அறையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள். அவர்கள் போவதால் அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டிருக்கிறார்கள். என். கே. ஜெமிசின் 2018-ல் இதற்குப் பதிலாகவே ஒரு கதை எழுதினார். அவருடைய உம்-ஹெலாட் நகரத்தில் எந்தக் குழந்தையும் அடைபடவில்லை. ஆனால் சிலர் மற்றவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்ற எண்ணத்தை நம் உலகத்திலிருந்து கள்ளத்தனமாகக் கேட்டுத் தொற்றவைத்துக்கொண்டவர்களைச் சமூக ஊழியர்கள் கொன்றுவிடுகிறார்கள். வெறுப்புப் பேச்சைச் சகிக்காத சமூகம் என்று இதை வரவேற்க மனம் தூண்டும். ஆனால் கொல்லப்பட்டவன் என்ன கேட்டான், என்ன புரிந்துகொண்டான் என்பதை எந்தச் சபையும் விசாரிக்கவில்லை. நல்ல நோக்கத்துக்காகவே ஆனாலும், விசாரணை இல்லாமல் வாயை அடைத்த இடத்தில் அடுத்து யாருடைய வாய் அடைபடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தன் நகரத்தின் விலையை ரத்தத்தோடு சேர்த்தே காட்டிய நேர்மைக்காக அந்தக் கதையை மதிக்கலாம்.

இவையெல்லாம் எழுத்தாளர்களின் அதீதக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு, சிகாகோவுக்குத் தெற்கே 1880-ல் கட்டத் தொடங்கிய ஓர் ஊரின் வரலாறு உதவும். ரயில்களுக்குப் படுக்கை வசதிப் பெட்டிகள் தயாரித்த ஜார்ஜ் புல்மேன், தன் தொழிலாளர்களுக்காக ஒரு முன்மாதிரி நகரத்தை எழுப்பினார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், எரிவாயு, பூங்கா, நூலகம், நாடக அரங்கு என்று அந்தக் காலத்துத் தொழிலாளர் குடியிருப்பில் கனவிலும் காணாத வசதிகள். தொழிலாளர்களுக்குச் சாராயக்கடை கிடையாது. வீடும் கடையும் தேவாலயக் கட்டடமும் கம்பெனிக்கே சொந்தம். வாடகைக்குத்தான் குடியிருக்க முடியும், விலைக்கு வாங்க முடியாது. ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகம் எதுவும் அதை நடத்தவில்லை. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் எலி 1885-ல் அங்கே போய்ப் பார்த்து எழுதிய கட்டுரையில் வீடுகளின் அழகைப் பாராட்டிவிட்டு, கம்பெனியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே மக்கள் தயங்குவதைச் சுட்டிக்காட்டினார். 1893-ல் பொருளாதாரச் சரிவு வந்தது. கூலி வெட்டப்பட்டது, வாடகை அப்படியே இருந்தது. 1894 மே மாதம் தொழிலாளர் குழு ஒன்று நிர்வாகத்தைப் பார்த்து முறையிட்டது. அடுத்த நாளே அந்தக் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அதற்கும் முறையீட்டுக்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி, தொழிலாளர்கள் நம்பவில்லை. வேலைநிறுத்தம் வெடித்து நாட்டின் ரயில் போக்குவரத்தையே முடக்கியது; மத்திய அரசுப் படை சிகாகோவுக்குள் வந்தது; பல உயிர்கள் போயின. 1898-ல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம், குடியிருப்புகளைக் கம்பெனி விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஊரில் குழாயோ சுவரோ பழுதாகவில்லை. வாடகை கட்ட முடியவில்லை என்று ஒருவர் வந்து நின்றால் அவர் பேச்சைக் கேட்க ஓர் ஏற்பாடு இல்லாமல் ஊரைக் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் நல்ல சமூகத்தைக் கனவு காண்பதே ஆபத்து என்று இந்தக் கதைகள் சொல்கின்றனவா? டிஸ்டோபியாவின் மேல் அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு இது: எந்தச் சீர்திருத்தத்தைப் பேசினாலும் 'கடைசியில் இப்படித்தான் முடியும்' என்று பயமுறுத்தி, இருக்கிற அநியாயத்தையே காப்பாற்றிக் கொடுக்கிறது என்பார்கள். இதற்குப் பதில் 1905-ல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் இருக்கிறது. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் அதில் 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதையை எழுதினார். அவர் காட்டும் பெண்ணாட்டில் சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, வானத்திலிருந்தே மழைநீரைக் குழாய் வழி இறக்குகிறார்கள், ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். போலீஸ் ஆணையர்களும் மாவட்ட நீதிபதிகளும் தங்கள் பதவியைத் திரும்பக் கேட்டு ராணிக்கு மனு அனுப்புகிறார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று பதில் வருகிறது. நாளடைவில் ஆண்களுக்கு அது பழகி, முணுமுணுப்பும் நின்றுவிடுகிறது. வாசித்துவிட்டு எந்த ஆணும், இது அநியாயமல்லவா, பழகிவிட்டால் நியாயமாகிவிடுமா என்று கேட்டே தீர வேண்டும். கேட்ட நிமிடமே, அந்தக் காலத்துப் பெண்களுக்குப் பழகிப்போன திரைமறைவு வாழ்க்கையைப் பற்றி அதே கேள்வி அவரிடம் திரும்பிவிடும். ரொக்கேயாவின் கனவு நாடு உண்மையில் நிகழ்காலத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு புகார் மனு. யுடோபியாவும் டிஸ்டோபியாவும் எதிரெதிர் முகாம்கள் அல்ல. இரண்டும் நடப்பு ஏற்பாட்டை நோக்கி, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கும் வழிகள்.

லெ குவினும் ஓமெலாஸோடு நின்றுவிடவில்லை. மறு ஆண்டு, 1974-ல், 'தி டிஸ்பொசெஸ்ட்' நாவலில் அனாரெஸ் என்ற வறண்ட கோளில் அரசோ சொத்தோ சிறையோ இல்லாத ஒரு சமூகத்தைப் படைத்தார். இரு பக்கமும் பேசும் யுடோபியா என்று சில பதிப்புகளில் குறிப்பிடப்பட்ட நாவல் அது. அதிகாரி இல்லாத ஊரில் அதிகாரம் எப்படி முளைக்கிறது என்பதை அவர் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். இளம் இயற்பியலாளர் ஷெவெக்கின் ஆய்வு வெளிவர வேண்டுமென்றால், மூத்தவரான சபூல் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வார். யாரும் உத்தரவு போடுவதில்லை; அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற பயமே போதுமானதாக இருக்கிறது. நாடகம் எழுதிக் கேலி செய்த ஒரு நண்பன் ஒதுக்கப்பட்டு, மனநல விடுதியில் போய்ச் சேர்கிறான். பஞ்சம் வருகிறது, பட்டினி வருகிறது. வசதியை வைத்துப் பார்த்தால் ஹக்ஸ்லியின் உலகத்துக்கு அருகில்கூட அனாரெஸால் வர முடியாது. ஆனாலும் ஷெவெக்கும் நண்பர்களும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அச்சகக் குழுவைத் தொடங்க முடிகிறது. பொதுக்கூட்டத்தில் எழுந்து, நாம் பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டோம் என்று சொல்ல முடிகிறது. எதிரிக் கோளுக்குப் போய்த் திரும்பி வரவும் முடிகிறது. திரும்பும்போது கல்லெறி காத்திருக்கலாம், கைத்தட்டலும் காத்திருக்கலாம். வாக்குவாதம் நடக்கும் என்பது மட்டும் நிச்சயம். குறை நிறைந்த அனாரெஸை வாசகர் தன் ஊராக ஏற்கத் தயங்கமாட்டார். குறையே தெரியாத ஒற்றை அரசில் ஒரு வாரம்கூடத் தங்க விரும்பமாட்டார்.

இந்த ஐந்நூறு ஆண்டுக் கதைகளிலிருந்து அன்றாட வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு சோதனைமுறை. புதிதாகக் கட்டும் நகரம், எல்லாவற்றையும் செயலி வழி முடித்துவைக்கும் அரசுச் சேவை, தேர்ச்சி நூறு சதவீதம் என்று விளம்பரம் செய்யும் பள்ளி, சண்டையே வராத குடும்பம் என்று எது முன்னால் வந்து நின்றாலும், இதில் ஒளிந்திருக்கும் குறை என்ன என்று துப்பறிவதில் பெரிய பலன் இல்லை. குறைகள் எப்போதும் இருக்கும். பெரும்பாலும் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். நூறு சதவீதம் என்ற எண்ணைப் பார்த்தால், அந்த நூறுக்குள் சேர்க்கப்படாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியே அனுப்பப்பட்டவர்கள் யார், அவர்கள் யாரிடம் போய்ச் சொல்ல முடிந்தது என்று கேட்க வேண்டும். செயலி நன்றாக இயங்கினால் நல்லது. அது தவறாக மறுத்துவிட்ட ரேஷன் அட்டைக்காரருக்குப் பேச ஒரு மேஜையும், மேஜைக்கு அந்தப் பக்கம் முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒருவரும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மக்களின் சிரிப்பைத் தயாரித்துவிடலாம் என்று ஹக்ஸ்லி காட்டியிருக்கிறார். ஒருமித்த கையுயர்த்தலையும் தயாரித்துவிடலாம் என்று சமியாட்டின் காட்டியிருக்கிறார். ஆகவே அவற்றை எண்ணி ஒரு சமூகத்துக்கு மதிப்பெண் போட முடியாது. திங்கட்கிழமை குறை சொல்லப் போனவர் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தாரா, அவர் சொன்னதில் ஏதாவது ஒன்று மாறியதா என்று விசாரித்தால், அந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.